மூடியில் எழுதிய சைபர்

அன்று நாலு மணிக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

கறுப்புக் காரின் சொந்தக்காரர். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவர். அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார்.

அவருடைய மனைவி. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் முதலாளி. முப்பது வயது இருக்கும். கையில் போன்.

தண்ணீர்க் குழாய் பிடிக்கிற நேப்பாளக்காரர். குழாயை மூடிவிட்டார். அதுவரை தண்ணீர் சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

அக்கா.

நான்.

ஆறு பேர். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் கார் கழுவி மெருகு போடுகிற கடை. தகரக் கூரை. அதற்கு வெளியே சிமெண்டுத் தரை. காலையிலிருந்து கூரைக்குக் கீழே நின்ற கறுப்புக் காரை அப்போதுதான் வெளியே தள்ளி நிறுத்தியிருந்தேன்.

வெயில் பானெட்டில் விழுந்தது.

சொந்தக்காரர் குனிந்து பார்த்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் ஒரு சுற்று. பானெட் முழுக்கக் கோடு. கூரையிலும் கோடு. வட்டம் வட்டமாக, சிலந்தி கட்டின மாதிரி. கூரைக்குக் கீழே இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது.

"பாஸ், என்னா இது?" என்றார்.

முதலாளி குனிந்தார். நிமிரவில்லை.

"ஆறு மணிக்கு ஆளு வராரு பாஸ் வண்டி வாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடுங்கன்னுதான் விட்டேன். இத எப்படி நான் அவருக்குக் காட்டுறது?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் மனைவி. "வீட்டுலயே தொடச்சிக்கலாம்னு. கேட்டாத்தானே."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எதப் போட்டே?"

டின்னைக் காட்டினேன். எடுத்துப் பார்த்தார். மூடியில் மார்க்கர் பேனாவால் ஒரு சைபர் போட்டிருந்தது. கொஞ்சம் கோணலான சைபர்.

"அக்கா. இது உங்க எழுத்துதானே?"

அந்தச் சைபருக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் கடையில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் அக்கா. வருகிறவர்களுக்கும் அக்கா. நேப்பாளக்காரருக்கு முதலில் தெரிந்த தமிழ் வார்த்தையே அதுதான்.

கடைக்கு வேண்டிய வேக்ஸ், போலிஷ், ஷாம்பு, துணி எல்லாம் வாங்குவது அக்கா வேலை. ஆம்பளைச் சட்டை ஒன்றைச் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு வருவார். தோளில் துணிப்பை. அதற்குள் பழைய பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் சிடிக்கள்.

அவர் வீட்டுக்காரர் பாசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், பாட்டு சிடி விற்றவர். போனில் பாட்டு வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சிடி மட்டும் பெட்டி பெட்டியாக வீட்டில் கிடந்தது. அக்கா அதைக் கொண்டு வேக்ஸை சோதனை செய்தார்.

சிடியின் பளபளப்பான பக்கத்தில் பட்டாணி அளவு வேக்ஸ் வைப்பார். சுத்தமான துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு பத்து சுற்று தேய்ப்பார். துடைப்பார். பிறகு எழுந்து வெயிலுக்குப் போவார். சிடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக் கோடுகளை எண்ணுவார். எத்தனை கோடு விழுந்ததோ அந்த எண்ணை டின் மூடியில் எழுதிவிடுவார்.

சைபர் என்றால் எந்தக் காருக்கும் போடலாம். மூன்று வரைக்கும் வெள்ளைக் கார், லோரி. அதற்கு மேலே போனால் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரன் வாங்கிக்கொள்ளாவிட்டால் அதை வைத்துக் கக்கூஸ் தரையைத் தேய்க்கச் சொல்வார்.

நல்ல வேக்ஸ் என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. கெட்டது என்றும் சொன்னதில்லை. எண்தான் சொல்வார்.

சினிமாப் பாட்டு சிடியைத்தான் தேய்ப்பார். சாமி பாட்டு இருந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

"பாட்டு இப்ப யாருக்கா கேக்கப் போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் கேக்க வேணாம். முருகன் முதுவுல என்னால தேய்க்க முடியாது" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் தேய்க்கச் சொன்னார். சிடி ஒன்று, துணி ஒன்று. வேக்ஸ் கிடையாது.

"தேய்."

தேய்த்தேன். கோத்தா திங்கிப் பக்கம் எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டியவன் நான். பிறகு ஃபேக்டரியில் மரப்பெட்டி அடித்தவன். என் கைக்குத் தெரிந்தது அழுத்துவதுதான். வெயிலில் பார்த்துவிட்டு, "ஒன் கையில ஒம்போது கோடு" என்றார்.

"துணி சரியில்லக்கா."

"துணி என்னுது. காலையில நாந்தான் தொவச்சேன்."

பிறகு என் கையை வாங்கிப் பார்த்தார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பெல்ட் பக்கிள் கார் கதவில் உரசும். நகத்தை வெட்டச் சொன்னார். ஒரு மாதம் டயரும் கால்மிதியும்தான் கழுவினேன். மாதக் கடைசியில் மறுபடியும் சிடி. சைபர். அதன் பிறகுதான் பானெட்டைத் தொட விட்டார்.

அவரிடம் எனக்குப் பயம் உண்டு. சத்தம் போட மாட்டார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியாது.

ஒருநாள் சேல்ஸ்மேன் ஒருவன் வந்தான். கழுத்தில் டை. சிவப்புப் பெயிண்ட் அடித்த தகரம் ஒன்றை மேசையில் வைத்தான். அதில் தன் வேக்ஸைப் பூசினான். மேலே லைட்டர் எண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்தான். எரிந்தது. அணைத்துத் துடைத்தான். தகரம் பளபளவென்று இருந்தது.

"பாத்தீங்களா அக்கா? நெருப்பே வந்தாலும் பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவாது. கேரண்டி."

முதலாளி கைதட்டிவிட்டார். அக்கா வெளியே எட்டிப் பார்த்தார்.

"அங்க நிக்கிறது உங்க வண்டிதானே தம்பி?"

"ஆமாக்கா."

"அதுல பத்த வைங்க."

அவன் சிரித்தான். "அது கம்பெனி வண்டி லா அக்கா."

"பத்த வைக்கிறதும் கம்பெனி மருந்துதானே."

தகரத்தைச் சுருட்ட முடியாது. முடிந்திருந்தால் சுருட்டிக்கொண்டு போயிருப்பான்.

அக்கா ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஜவுளிக் கடையில் ஏழு வருஷம் நின்றவர். புதுச் சரக்கு வந்தால் கைக்குட்டை நுனியை நனைத்துத் துணியின் ஓரத்தில் ஒரு தேய்ப்பு தேய்ப்பாராம். சாயம் ஒட்டினால் அந்தக் கட்டைத் தொடவே மாட்டாராம். "சாயம் போகாதுன்னு யாவாரி சத்தியம் பண்ணுவான்" என்பார். "கைக்குட்டை சத்தியம் பண்ணாது."

சனிக்கிழமை காலையில் கார் சாமான் விற்கிற சீன அங்கிள் கடைக்குப் போவார். டின் தூக்க நானும் போவேன். அக்காவின் கார் பழைய கருநீலம். பானெட்டில் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார். கட்டத்துக்கு ஒரு வேக்ஸ். மழை பெய்தால் எந்தக் கட்டத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, எதில் தட்டையாகப் படுத்துவிட்டது என்று குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் சிரிப்பான். அக்கா முன்னால் பார்த்து ஓட்டுவார்.

அங்கிள் கடையில் எல்லா டின்னும் டேப் ஒட்டித்தான் இருக்கும். அக்கா திறந்து திறந்து முகர்ந்து பார்ப்பதால் ஒட்டினது. அது அங்கிளே சொன்னது. பிறகு அவராகவே அக்காவுக்கென்று ஒவ்வொரு ரகத்திலும் ஒரு டின்னைத் திறந்து கல்லாவுக்குக் கீழே வைத்திருந்தார்.

"கக்காக் வந்தாச்சு. இன்னிக்கு என் கடையில எத்தனை டின்னு ஃபெயில்?" என்று மலாயில் கேட்பார். மலாயில் அக்காவுக்குக் கக்காக்.

அக்கா விரலால் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். மணல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் சிடி. கடை வாசலில், வெயிலில்.

ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு டின் வாங்குவார்.

முதலாளிக்கு இதுதான் பிடிக்கவில்லை. நல்ல பையன்தான். அப்பா கவர்மெண்டில் இருந்தவர். இவர் படித்துவிட்டு ஆபீசுக்குப் போகாமல் கடை போட்டவர். எல்லாம் போனிலேயே முடிய வேண்டும் அவருக்கு.

"அக்கா, இங்க பாருங்க. அஞ்சு ஸ்டார். எத்தனை ஆயிரம் பேரு போட்டிருக்காங்க. அங்கிள் கடை வெலையில பாதிதான், வீட்டு வாசல்ல வந்து நிக்கிது."

"ஸ்டாரு போட்டவங்கள்ல ஒருத்தர வரச் சொல்லுங்க. பேசிப் பாப்போம்."

"அலமாக், அப்படியெல்லாம் வர மாட்டாங்கக்கா."

"அங்கிள் வருவாரு. டின்னு சரியில்லன்னா நான் அவரு கடை வாசல்ல போயி நிப்பேன். இவன் வாசலு எங்க இருக்கு?"

முதலாளி அன்று விட்டுவிட்டார். ஆனால் போனை விடவில்லை. மாதா மாதம் அதில் தள்ளுபடி நாள் வருகிறது. ஒரு தள்ளுபடி நாளில் கேட்காமல் ஆர்டர் போட்டுவிட்டார். பன்னிரண்டு டின் பெட்டியில் வந்தது. எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. மேலே பளபளவென்று ஒரு கார்ப் படம்.

"ஒரு தடவை எனக்காக அக்கா" என்றார். "இது சரியா வந்திச்சின்னா இனிமே வாங்குற வேல என்னுது. சரியா வரலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அக்கா பெட்டியைப் பார்த்தார். "நான் தேய்ச்சுப் பாக்காம எந்தக் காருலயும் படக் கூடாது" என்றார். இரண்டு பேரும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள்.

பெட்டி வந்த வாரம் அக்காவுக்குக் கட்டைவிரலில் அடி. யாரோ சாத்திய கார்க் கதவில் வலது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. மூன்று தையல். வெள்ளைக் கட்டு. சிடி தேய்க்க முடியாது. வேறு விரலில் தேய்த்தால் அழுத்தம் மாறிப்போகும் என்றார். என்னைக் கூப்பிட்டார்.

"கட்டு பிரிக்கிற வரைக்கும் ஒன் கட்டைவிரல்தான் என் கட்டைவிரல்" என்றார்.

சரி என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. கார்கள் வரிசையில் நின்றன. எல்லாம் பூஜை போட்ட கார்கள். பானெட்டில் சந்தனம், மஞ்சள், குங்குமம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து பெயிண்டில் ஏறிவிடும். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை போகாது. ஷாம்புக்கும் மசியாது. வருஷா வருஷம் அந்த வாரத்தில் எங்கள் தோள்பட்டை கழன்று போகும்.

அன்று காலை அக்கா கட்டு மாற்ற கிளினிக் போயிருந்தார். வெள்ளை வேன் ஒன்று முதலில் நின்றது. பானெட்டில் மஞ்சள் கை அடையாளம். ஐந்து விரலும் தெரிந்தது. ஓட்டுநர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புது டின்னப் போட்டுப் பாரு" என்றார் முதலாளி.

"அக்கா இன்னும் பாக்கல பாஸ்."

"வண்டி நிக்கிது. அவங்க வரட்டும், பாத்துக்கலாம்."

போட்டேன். இரண்டு தேய்ப்பில் கறை போய்விட்டது. ஐந்து விரலும் போய்விட்டது. அப்படி ஒரு வேக்ஸை நான் பார்த்ததில்லை. நேப்பாளக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்து வந்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. மூன்று காரும் மணமேடைக்குப் போகிற மாதிரி போயின. முதலாளி போனை எடுத்து அவரும் ஐந்து ஸ்டார் போட்டார்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தார். நான் ஷாம்பு வாளிக்குள் கை விட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கார் அப்போதுதான் உள்ளே ஏறியது.

"புது டின்னு தேய்ச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"எத்தனை?"

சிடி, பிஸ்கட் டப்பாவில் இருந்தது. டப்பா அலமாரியில் இருந்தது. நாலடி தூரம். தேய்த்து வெயிலில் பார்த்துவிட்டு வர இரண்டு நிமிடம். வரிசையில் ஏழு கார்கள். மூன்று காரில் போட்டுப் பார்த்துவிட்டேனே, இதைவிட என்ன சோதனை என்று நினைத்தேன். அவர் கேட்பது எது என்று தெரிந்துகொண்டேதான் நினைத்தேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

என் கை இரண்டும் நுரைக்குள் இருந்தது.

அக்கா இடது கையில் மார்க்கரை எடுத்தார். மூடியில் சைபர் போட்டார். இடது கை என்பதால் கோணலாக வந்தது. சிடியைக் காட்டு என்று கேட்கவில்லை. நாலு வருஷத்தில் தன் கண்ணால் பார்க்காமல் அவர் எண் போட்ட நாள் அது ஒன்றுதான்.

பிறகு கறுப்புக் காருக்கு அதைப் போட்டேன். நிழலில். மூன்று மணி நேரம்.

"அக்கா. இது உங்க எழுத்துதானே?" என்று முதலாளி கேட்டது அந்தச் சைபரைத்தான்.

அக்கா மூடியைப் பார்த்தார்.

"என் எழுத்துதான். எடது கையில எழுதினேன்."

"தேய்ச்சுப் பாத்துதானே எழுதினீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அப்போது என் கையில் துணிகூட இல்லை. பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"பாஸ், நீங்க உங்களுக்குள்ள அப்பறம் பேசுங்க" என்றார் சொந்தக்காரர். "இப்ப மணி நாலே கால். என் வண்டிக்கு என்னா வழி?"

"சார், மெஷின் போட்டு எடுத்துடலாம். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? ஆறு மணிக்கு அந்த ஆளுகிட்ட என்னா சொல்றது? சிலந்தி வண்டிய ஓட்டிட்டுப் போயிடிச்சின்னா?"

"நீங்க இருங்க" என்று அவர் கையைப் பிடித்தார் மனைவி. "அந்த அக்கா முகத்தப் பாருங்க. அவங்க என்னா வேணும்னா செஞ்சாங்க?"

அக்கா முதலாளியிடம் போனைக் கேட்டார். நாலு வருஷத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் திரையைத் தள்ளினார். வாங்கியவர்கள் போட்ட படங்கள். காரின் படங்கள்.

"வெள்ளை" என்றார். தள்ளினார். "வெள்ளை. வெள்ளை. இதும் வெள்ளை."

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஸ்டாரு போட்டவங்க காரு எல்லாம் வெள்ளை" என்றார் அக்கா. "வெள்ளைக் காருக்குன்னு செஞ்ச மருந்து இது. உள்ள மணலு இருக்கு. கறையச் சொரண்டி எடுக்குது. வெள்ளையில கோடு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதே டின்னு கறுப்புக்குன்னு தனியா இருக்கும். அங்கிள் கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருப்பாரு. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு கண்ணுல படும். இதுல ஒரு டின்னுதான் கண்ணுல படுது."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆர்டர் போட்டது அவர். ஐந்து ஸ்டார் போட்டதும் அவர். பக்கத்தில் சொந்தக்காரர் நிற்கிறார்.

"சரிக்கா. அனுப்புனவன் அனுப்பிட்டான். அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கேன்? பாக்காம எப்படி சைபர் போட்டீங்க? உங்க சைபர நம்பித்தானே அவன் போட்டான்?"

அவன் என்றது என்னை.

"சைபர் நான் போட்டதுதான்" என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். தம்பி சொன்னான், நான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற அப்படிச் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் பார்க்காத ஒன்றுக்கு எண் போட்டுவிட்டார். அது அவர் கணக்கில் அவர் தப்பு. என் தப்பு என்னிடம் இருந்தது. அதை அவர் தொடவில்லை. அப்படியே விட்டு வைத்தார்.

"அப்படின்னா நான் உங்கள எப்படிக்கா வச்சிக்கிறது?" என்றார் முதலாளி. மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் அது நிஜம் என்று தெரிந்தது.

அக்கா அலமாரிக்குப் போனார். பிஸ்கட் டப்பாவை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தார். ஐம்பத்தாறு வயது அவருக்கு. வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. கட்டுப் போட்ட கை. எந்தக் கார் கடையில் சிடியைத் தேய்த்துக்கொண்டு உட்கார விடுவார்கள்?

எனக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன்னால் மூன்று இடத்தில் வேலை போயிருந்தது. கடைசியாகப் போனபோது ஐந்து மாதம் சும்மா இருந்தேன். வாயைத் திறந்தால் இது நாலாவது. திறக்காவிட்டால் அவர் நடந்து போய்விடுவார். கேட்டுக்கு இருபது அடி இருக்கும். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நேப்பாளக்காரர் மூடின குழாயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். காலையிலிருந்து நான் சிடியைத் தொடவில்லை என்று அவருக்கும் தெரியும். அவருக்குச் சொல்லத் தமிழ் போதாது. எனக்குப் போதும்.

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கார் வாங்க வந்தவர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். கோடுகளையெல்லாம் மெஷின் போட்டு எடுத்தோம். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன பூஜைக்கு அந்தப் பக்கம் போனபோது கருநீலக் கார் வெளியே நின்றது, கட்டம் கட்டமாக. நான் அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன். முதலாளி போகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. இரு என்றும் சொல்லவில்லை. இப்போது கோத்தா திங்கியில் செம்பனை லோரி கழுவுகிறேன். லோரிக்கு வேக்ஸ் போடுவதில்லை. சம்பளம் குறைவு. இருந்தாலும் ஏதாவது பார்த்தாயா என்று யாராவது கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்கிறேன்.

அக்கா கேட்டுக்கு எட்டடி இருக்கும்போது கூப்பிட்டேன்.

"அக்கா."

நின்றார்.

கிட்டே போய் அவர் தோளில் இருந்த பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. மேலாக இருந்த சிடி ஒன்றை எடுத்தேன். புதுத் துணி ஒன்று. முதலாளி கையிலிருந்த டின்னை வாங்கினேன்.

"டேய், என்னா பண்றே?" என்றார் முதலாளி.

சிமெண்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வெயில் முதுகில் அடித்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து நான் செய்யாததைச் செய்தேன். பட்டாணி அளவு வைத்தேன். துணியைக் கட்டைவிரலில் சுற்றினேன். பத்து சுற்று. அழுத்தவில்லை. துடைத்தேன்.

"காலையில இது நான் செய்யல பாஸ்" என்றேன். "செஞ்சேன்னு அக்காகிட்ட சொன்னேன். சைபர்னு நாந்தான் சொன்னேன்."

சொந்தக்காரரின் மனைவி மூச்சை இழுத்தது கேட்டது.

அக்கா திரும்பி வந்தார். என் பக்கத்தில் நின்றார். அவர் நிழல் சிடிமேல் விழுந்தது. ஓர் அடி தள்ளி நின்றார், வெயில் படட்டும் என்று. டின் மூடியை எடுத்துக் கோணல் சைபர் மேலே ஒரு கோடு இழுத்தார். இடது கையில் மார்க்கரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

சிடியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை?" என்றார்.

சாய்த்துப் பிடித்து எண்ணினேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். நான் என்ன சொன்னாலும் அதைத்தான் எழுதப் போகிறார்.

"பதினேழு."